மேகத்துக்குள் போனால் பைலட்டுக்கு வழி தெரியுமா? 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்' பயிற்சி: முழு விளக்கம்

மார்கழி விடியற்காலையில் கடலூர் - சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூட கண்ணுக்குத் தெரியாது. அப்போ என்ன செய்வோம்? வேகத்தைக் குறைப்போம். ரொம்ப மோசமானால் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, வெயில் ஏறட்டும் என்று காத்திருப்போம்.

வானத்தில் ஓரம் கட்ட இடம் கிடையாது. விமானத்தை நிறுத்த முடியாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேகத்தைக் குறைக்கவும் முடியாது. குறைத்தால் இறக்கை தூக்காது. அப்படின்னா மேகம், பனி, மழை, இருட்டு எதுவாக இருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமலேயே பறக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பயிற்சியும் தகுதியும்தான் 'இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்'. பைலட்கள் சுருக்கமாக 'ஐ.ஆர்.' என்பார்கள்.

பிளஸ் 2 முடித்துவிட்டு பைலட் ஆகணும் என்று கனவு காணும் பிள்ளைகளும், அதற்காக நிலத்தையோ நகையையோ அடமானம் வைக்கத் தயாராகும் பெற்றோரும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கண் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்?

2021 டிசம்பர் 8-ஆம் தேதியை தமிழ்நாடு மறக்காது. கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் புறப்பட்ட எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து நொறுங்கியது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவரது மனைவி மதுலிகா ராவத் உட்பட 13 பேர் அன்றே உயிரிழந்தனர். படுகாயமடைந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் கழித்து உயிரிழந்தார்.

முப்படை விசாரணைக் குழுவின் முடிவை 2022 ஜனவரி 14 அன்று விமானப்படை வெளியிட்டது. சதி இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியமும் இல்லை என்றது அந்த அறிக்கை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, அதனால் விமானிக்கு 'ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன்' ஏற்பட்டது, கட்டுப்பாட்டில் இருந்த நிலையிலேயே தரையில் மோதியது என்று காரணம் சொல்லப்பட்டது.

ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன் என்பதை நம்ம மொழியில் சொல்லணும்னா, மேல் எது, கீழ் எது, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற உணர்வே குழம்பிப்போவது. இது பயந்தவர்களுக்கு வரும் மயக்கம் இல்லை. மனித உடம்பின் அமைப்பே அப்படி. தேர்ந்த விமானிகளுக்கும் வரும்.

உடம்பு ஏன் பொய் சொல்கிறது?

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். சுற்றிவிட்டு சட்டென்று நின்றால் என்ன ஆகும்? நாம் நின்றுவிட்டோம், ஆனால் தெருவே எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது போல இருக்கும். காரணம் காதுக்குள் இருக்கிறது.

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, 'திரும்புகிறோம்' என்று மூளைக்குத் தகவல் போகும். ஆனால் ஒரே சீராக 20 வினாடி போலத் திரும்பிக்கொண்டே இருந்தால், திரவமும் குழாயோடு சேர்ந்து ஒரே வேகத்தில் சுற்றத் தொடங்கிவிடும். உடனே மூளை 'நேராகத்தான் போகிறோம்' என்று முடிவு கட்டிவிடும். அப்போது விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், 'எதிர்ப்பக்கம் சாய்கிறோம்' என்று உடம்பு கத்தும்.

தரையில் இருக்கும்போது இந்தத் தவறைக் கண் திருத்திவிடும். வீடு, மரம், அடிவானம் ஏதாவது ஒன்றைப் பார்த்தால் போதும். மேகத்துக்குள் எல்லாப் பக்கமும் வெள்ளை. திருத்துவதற்கு ஆள் இல்லை.

நிலா இல்லாத இரவில் கடலூர் சில்வர் பீச்சில் நின்று கடலைப் பாருங்கள். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தூரத்துப் படகு விளக்குக்கும் நட்சத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இரவில் கடல் மேல் பறக்கும் விமானிக்கும் இதே சிக்கல்தான். மேகம்கூட தேவையில்லை.

அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் 1999 ஜூலை 16 இரவு தன் சிறிய விமானத்தை மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கி ஓட்டிச் சென்றார். இருட்டு, பனிப்புகை, கீழே கடல். அவரிடம் பைலட் லைசென்ஸ் இருந்தது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை. விமானம் கடலில் விழுந்தது. அவர், அவரது மனைவி, மனைவியின் சகோதரி மூவரும் உயிரிழந்தனர். ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷனால் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்று விசாரணை சொன்னது.

178 வினாடிகள்

பயிற்சி இல்லாதவர் மேகத்துக்குள் போனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் இதைச் சோதித்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை விமானத்தில் ஏற்றி, வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில். அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு.

அதில் 19 பேருக்கு நடந்தது ஒரே மாதிரியான விஷயம். இறக்கை மெதுவாக ஒரு பக்கம் சாயும், உடம்புக்குத் தெரியாது. மூக்கு கீழே இறங்கும், வேகம் கூடும். 'உயரம் குறைகிறதே' என்று பைலட் கன்ட்ரோலைத் தன் பக்கம் இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுத்தால் விமானம் மேலே ஏறாது. வட்டம் இன்னும் இறுகும், இன்னும் வேகமாகக் கீழே போகும். விமானத் துறையில் இதற்குப் பெயர் 'கிரேவ்யார்ட் ஸ்பைரல்', சுடுகாட்டுச் சுழல்.

அதே ஆட்களுக்கு எளிய பயிற்சி கொடுத்து மறுபடி சோதித்தபோது, கிட்டத்தட்ட எல்லோருமே விமானத்தைத் திருப்பிக்கொண்டு 'மேகத்தில்' இருந்து பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள். திறமையைவிட பயிற்சிதான் உயிரைக் காப்பாற்றியது.

லைசென்ஸ் வேறு, ரேட்டிங் வேறு

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். விமானம் பறப்பதற்கு இரண்டு வகை விதிகள் இருக்கின்றன.

• வி.எஃப்.ஆர்.: கண்ணால் பார்த்து ஓட்டுவது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 5 கி.மீ. தூரம் வரை தெரிய வேண்டும். மேகத்தில் இருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி விலகியே இருக்க வேண்டும்.

• ஐ.எஃப்.ஆர்.: கருவிகளைப் பார்த்து, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் வழிகாட்டுதலோடு ஓட்டுவது. மேகத்துக்குள்ளும் போகலாம்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல்., சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமையைத் தருகிறது. ஐ.எஃப்.ஆர். விதிப்படி ஓட்டும் உரிமையை அது தானாகத் தராது. அதற்குத்தான் ஐ.ஆர். தனியாகத் தேவை. நாம் டிக்கெட் எடுத்துப் போகும் விமானங்கள் வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் ஐ.எஃப்.ஆர். முறையில்தான் பறக்கின்றன. அதனால் ஐ.ஆர். இல்லாத சி.பி.எல்.லை வைத்துக்கொண்டு ஏர்லைன்ஸ் வேலைக்குப் போக முடியாது.

சிப்காட் கன்ட்ரோல் ரூமும் காக்பிட்டும்

இந்தப் பயிற்சியின் சாரத்தைப் புரிந்துகொள்ள, கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்ப்பவரைக் கேட்டால் போதும். ரியாக்டருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து வெப்பம், அழுத்தம், லெவல், ஃப்ளோ என்று மீட்டர்களைப் பார்த்துத்தான் உள்ளே நடப்பதை முடிவு செய்கிறார்கள். 'எனக்கு என்னமோ சூடு கம்மின்னு தோணுது' என்று வால்வைத் திறக்க மாட்டார்கள். மீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான். ஒரு மீட்டர் மேல் சந்தேகம் வந்தால் இன்னொரு மீட்டரோடு ஒப்பிடுவார்கள்.

காக்பிட்டிலும் அதே கதைதான். அடிப்படைக் கருவிகள் ஆறு:

• ஆட்டிட்யூட் இண்டிகேட்டர்: செயற்கை அடிவானம். மூக்கு மேலா கீழா, இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும்.
• ஏர்ஸ்பீட் இண்டிகேட்டர்: காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம்.
• ஆல்டிமீட்டர்: உயரம்.
• வெர்டிகல் ஸ்பீட் இண்டிகேட்டர்: நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது, இறங்குகிறது.
• ஹெடிங் இண்டிகேட்டர்: விமானம் நோக்கும் திசை.
• டர்ன் கோஆர்டினேட்டர்: எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது.

புது விமானங்களில் இந்த ஆறும் ஒரே டிவி ஸ்கிரீனில் வந்துவிடுகின்றன. படிக்கும் முறை மாறவில்லை. நடுவில் இருக்கும் செயற்கை அடிவானத்தைப் பார்ப்பது, அங்கிருந்து ஒவ்வொரு கருவிக்கும் கண்ணை ஓட்டுவது, மறுபடி நடுவுக்கு வருவது. இதற்கு 'ஸ்கேன்' என்று பெயர். ஒரே கருவியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவை கைமீறிப் போய்விடும். இதுதான் புது மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு.

வெளியே பார்க்காமல் ஓட்டலாம் என்று முதலில் நிரூபித்தவர் அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில், காக்பிட்டைத் துணியால் மூடிக்கொண்டு விமானத்தைக் கிளப்பி, சுற்றிவந்து, இறக்கினார். பாதுகாப்புக்கு முன் இருக்கையில் இன்னொரு பைலட் இருந்தார்.

கருவியே பொய் சொன்னால்?

நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1978 ஜனவரி 1 இரவு, ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747 விமானம் மும்பையில் இருந்து துபாய்க்குக் கிளம்பியது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அரபிக்கடலில் விழுந்தது. விமானத்தில் இருந்த 213 பேரும் உயிரிழந்தனர்.

கேப்டன் பக்கம் இருந்த செயற்கை அடிவானக் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தொடர்ந்து காட்டியது. அதைச் சரிசெய்ய அவர் இடப்பக்கம் சாய்த்தார். கருவி மாறவில்லை, இன்னும் சாய்த்தார். வெளியே இருட்டுக் கடல். ஒப்பிட்டுப் பார்க்க அடிவானம் இல்லை. துணை விமானியின் கருவியும் மற்ற கருவிகளும் சரியாக இருந்தும், அவற்றோடு சரிபார்த்துத் திருத்த நேரம் கிடைக்கவில்லை.

அதனால்தான் ஐ.ஆர். பயிற்சியில் 'கருவியை நம்பு' என்பதோடு பாடம் முடிவதில்லை. 'ஒரு கருவியை மட்டும் நம்பாதே' என்பது அடுத்த பாடம். மாணவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பயிற்றுநர் ஒன்றிரண்டு கருவிகளை மூடிவிடுவார். மிச்சம் இருப்பதை வைத்து விமானத்தைச் சமாளிக்க வேண்டும். இதற்கு 'பார்ஷியல் பேனல்' பயிற்சி என்று பெயர்.

பயிற்சியில் என்னென்ன இருக்கும்?

மாணவரின் தலையில் ஒரு தொப்பி மாதிரியான மறைப்பு அல்லது பாதி மறைத்த கண்ணாடி மாட்டப்படும். கருவிகள் மட்டும் தெரியும், ஜன்னல் தெரியாது. பக்கத்தில் பயிற்றுநர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். இதைத் தவிர சிமுலேட்டரிலும் பயிற்சி உண்டு. முக்கியமான பாடங்கள்:

• நேராக, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறப்பது. கேட்க சுலபம். முதல் வாரத்தில் இதுவே வியர்க்க வைக்கும்.

• அசாதாரண நிலையில் இருந்து மீள்வது. மாணவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு பயிற்றுநர் விமானத்தைத் தாறுமாறாகச் சாய்ப்பார். கண்ணைத் திறந்ததும் கருவியைப் பார்த்து உடனே சரிசெய்ய வேண்டும். உடம்பு ஒன்று சொல்லும், கருவி வேறு சொல்லும். கருவி பக்கம் நிற்கப் பழகுவதுதான் பாடம்.

• ரேடியோ சிக்னல், செயற்கைக்கோள் சிக்னல் வைத்து வழி கண்டுபிடிப்பது.

• ஹோல்டிங். 'ரன்வே ஃப்ரீ இல்லை, காத்திருங்கள்' என்று சொன்னால், வானத்தில் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட உயரத்தில் ஓட்டப்பந்தய மைதானம் போன்ற நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பது.

• அப்ரோச். மேகத்துக்குள் இருந்து ரன்வேயை நோக்கி படிப்படியாக இறங்குவது.

• மிஸ்டு அப்ரோச். இறங்க முடியாது என்றால் மறுபடி மேலே ஏறிப் போவது.

இதெல்லாம் செய்துகொண்டே ரேடியோவில் வரும் உத்தரவுகளைக் கேட்டு, எழுதி, திருப்பிச் சொல்ல வேண்டும். கை ஒரு வேலை, கண் ஒரு வேலை, காது ஒரு வேலை.

200 அடி உயரத்தில் ஒரு முடிவு

ஐ.ஆர். வாங்கியவர் எந்த வானிலையிலும் இறங்கிவிடலாம் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு அப்ரோச்சுக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு.

பெரிய விமான நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற கருவி அமைப்பு இருக்கும். ஒரு ரேடியோ கற்றை 'ரன்வேக்கு நேராக வருகிறாயா' என்று காட்டும். இன்னொன்று 'சரியான சரிவில் இறங்குகிறாயா' என்று காட்டும். வழக்கமாக 3 டிகிரி சரிவு. சாதாரண வகையான கேட்-1 முறையில், தரையில் இருந்து 200 அடி உயரம் வரை கருவியை வைத்து இறங்கலாம். ரன்வேயில் பார்வைத் தூரம் குறைந்தது 550 மீட்டர் இருக்க வேண்டும்.

200 அடி என்றால் எவ்வளவு? சிதம்பரம் நடராஜர் கோயில் கோபுரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம். ஜெட் விமானம் அங்கிருந்து தரையைத் தொட கால் நிமிடம் போதும். அந்த உயரத்தில் ரன்வேயோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியவில்லை என்றால் 'இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்' என்ற பேச்சே கிடையாது. உடனே மேலே ஏற வேண்டும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நேரத்தில், சென்னையில் இறங்க வந்த இண்டிகோ விமானம் ஒன்று ரன்வேயைத் தொடும் நேரத்தில் ஆடி, மறுபடி மேலே பறந்த வீடியோ வைரலானது நினைவிருக்கும். அங்கே பிரச்சினை பக்கவாட்டுக் காற்று. ஆனால் விமானி எடுத்த முடிவு ஐ.ஆர். பயிற்சியில் ஆரம்பத்திலேயே ஊறவைக்கப்படுவது. இறங்குவது சரியாக அமையவில்லையா, மேலே போ. அதைத் தோல்வி என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை.

போகிப் புகையும் பனியும் சேர்ந்தால் சென்னை விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பி விடப்படுவதும் இந்த எல்லைக்கோட்டால்தான். 2018 போகி அன்று அப்படித்தான் ஆனது. பைலட்டுக்குத் தெரியாமல் இல்லை, விதி விடாது.

எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும்?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த அடிப்படை அளவு இது. இந்தியாவின் டிஜிசிஏ, அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. இரண்டும் இதே கணக்கை ஒட்டியே போகின்றன:

• கமாண்டில் இருந்து ஓட்டிய கிராஸ் கன்ட்ரி பறத்தல்: 50 மணி நேரம்
• கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிய நேரம்: 40 மணி நேரம்
• இந்த 40-ல் ஒரு பகுதியை சிமுலேட்டரில் முடிக்கலாம். அடிப்படை அளவு 20 மணி நேரம் வரை

இந்தியாவில் சி.பி.எல். வாங்க மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஐ.ஆர். பயிற்சி நேரத்தை வழக்கமாக இதற்குள்ளேயே திட்டமிட்டுச் சேர்ப்பார்கள். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் என்று எழுத்துத் தேர்வுகள் உண்டு. தேர்ச்சிக்கு 70 மதிப்பெண் வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கு ஆர்.டி.ஆர். என்ற தனித் தேர்வு. கடைசியாக, தேர்வாளரோடு விமானத்தில் பறந்து காட்டும் ஸ்கில் டெஸ்ட்.

ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் போதுமா?

போதாது. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி பர்ஸில் வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்ட முடியாது. குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். அமெரிக்க விதியில் கடந்த 6 மாதத்துக்குள் 6 அப்ரோச், ஹோல்டிங் எல்லாம் செய்திருந்தால்தான் ஐ.எஃப்.ஆர்.-ல் பறக்கலாம். கருவி படிக்கும் பழக்கம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு.

இதற்கு மேலேயும் படிகள் உண்டு. டெல்லி குளிர்காலப் பனியில் கேட்-3 என்ற முறையில் இறங்க, ஐ.ஆர். இருந்தாலும் தனிப் பயிற்சி வேண்டும். பனி நேரத்தில் அந்தப் பயிற்சி பெறாத விமானிகளைப் பணியில் அமர்த்தியதற்காக ஏர் இந்தியா, ஸ்பைஸ்ஜெட் நிறுவனங்களுக்கு டிஜிசிஏ 2024 ஜனவரியில் தலா ரூ.30 லட்சம் அபராதம் விதித்தது.

நம்ம பக்கத்து நிலவரம் என்ன?

கடலூர், சிதம்பரம் மக்களுக்குப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி விமான நிலையம். அதன் ரன்வே சுமார் 1,500 மீட்டர்தான். சென்னையின் பெரிய ரன்வே 3.6 கி.மீ. அதனால் புதுச்சேரிக்கு ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள் வருகின்றன. நெய்வேலியில் என்.எல்.சி.யின் விமானதளம் இருக்கிறது. மத்திய அரசின் உடான் திட்டப் பட்டியலிலும் அதன் பெயர் வந்தது.

சின்ன விமான நிலையங்களில் எல்லாம் பெரிய ஐ.எல்.எஸ். அமைப்பு வைப்பது செலவு. இதற்கு மாற்றாக இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கியது 'ககன்' என்ற செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில், இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் உதவியோடு இறங்கிக் காட்டியது. ரன்வே பக்கத்தில் ஐ.எல்.எஸ். ஆன்டெனா இல்லாமலேயே துல்லியமாக இறங்க முடியும் என்பது இதன் பலன். சின்ன ஊர்களுக்கு விமானம் வர வர, இந்த வகை அப்ரோச்களைப் பயிற்சியிலேயே கற்றுக்கொள்வது முக்கியமாகிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பைலட் படிப்பு அரை கோடி ரூபாயைத் தொடும். அதைத் தாண்டுவதும் சகஜம். ஷிஃப்ட் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டுப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு ஒரு கேள்வி விட்டுப்போனாலும் லட்சங்கள் போகும்.

• முதலில் மெடிக்கல். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1 பரிசோதனை. கண் நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பணம் கட்டிய பிறகு தெரிந்து பலன் இல்லை.

• 'சி.பி.எல். கட்டணம்' என்று சொன்னால், அதில் ஐ.ஆர். சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு இன்ஜின் விமானத்துக்கான மல்டி இன்ஜின் ரேட்டிங்கும் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏர்லைன்ஸ் வேலைக்கு இரண்டும் வேண்டும்.

• சிமுலேட்டர் டிஜிசிஏ அங்கீகாரம் பெற்றதா? இல்லைன்னா அந்த மணி நேரங்கள் கணக்கில் வராது.

• எத்தனை விமானம் இப்போது பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள்? விமானம் குறைவு, மாணவர் அதிகம் என்றால் 200 மணி நேரம் முடிக்க வருடக்கணக்கில் இழுக்கும்.

• டிஜிசிஏ 2025-ல் பயிற்சி நிறுவனங்களைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியிருக்கிறது. சேரப்போகும் நிறுவனம் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியும் இருக்கிறது; அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு.

• வெளிநாட்டில் படித்தால், அங்கே வாங்கிய ஐ.ஆர். இந்தியாவில் அப்படியே செல்லாது. திரும்பி வந்து டிஜிசிஏ தேர்வுகளும் விமானத்தில் சோதனையும் கொடுத்து மாற்ற வேண்டும். அதற்கான செலவையும் மாதங்களையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள்.

சுருக்கமாகச் சொல்லணும்னா...

சி.பி.எல். ஒருவரை விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஆக்குகிறது. ஐ.ஆர். அவரைத் தன் உடம்பின் பேச்சைக் கேட்காமல், கருவிகளை ஒன்றோடொன்று சரிபார்த்து ஓட்டத் தெரிந்தவர் ஆக்குகிறது. குன்னூர் சம்பவம் காட்டியது போல, எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மேகமும் மலையும் சேர்ந்தால் ஆபத்து இருக்கத்தான் செய்யும். அதனால் இந்தப் பயிற்சியில் கடைசியாகக் கற்றுத்தருவது ஓட்டுவதை இல்லை. இன்று கிளம்ப வேண்டாம், இங்கே இறங்க வேண்டாம், திரும்பிவிடுவோம் என்று சரியான நேரத்தில் முடிவெடுப்பதைத்தான்.

அடுத்த முறை விமானம் தாமதம் என்றோ, வேறு ஊருக்குத் திருப்பி விடப்பட்டது என்றோ அறிவிப்பு வந்தால் கோபப்படுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். காக்பிட்டில் இருப்பவர் கற்றதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கலாம்.